பட்டாசுப் பெட்டியைப் படித்தோம்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு முன் எங்கள் பௌதிக ஆசிரியை சிஸ்டர் எங்கள் வகுப்புக்கு ஒரு விசித்திரமான வீட்டுப்பாடம் தந்தார்கள். "பட்டாசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் வீட்டார் விருப்பம். ஆனால் காலிப் பெட்டிகளைக் குப்பையில் போடாமல் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். முடிந்தால் பட்டாசுக் கடைகளையும் கண்ணைத் திறந்து பார்த்து வாருங்கள்" என்பதே அது. விடுமுறை முடிந்து வந்தபோது ஆய்வுக்கூட மேசையின்மேல் அறுபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் குவிந்துவிட்டன. புலி, மயில், கிளி, பூத்தொட்டி, புன்னகை பூத்த குழந்தை என்று எத்தனையோ வண்ணப் படங்கள்! கந்தக வாடை இரண்டு நாள் போகவில்லை என்று ஆய்வுக்கூடத்து அக்கா முணுமுணுத்தது வேறு விஷயம்.

"பாதுகாப்பானவை இந்தப் பக்கம், ஆபத்தானவை அந்தப் பக்கம் என்று பிரித்து வையுங்கள்" என்றார்கள் சிஸ்டர். பத்தே நிமிடத்தில் சண்டை மூண்டது. கம்பி மத்தாப்பைப் பாதுகாப்பான பக்கம் வைத்தோம். உடனே ஒருத்தி தன் பாதத்தைக் காட்டினாள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை மிதித்த தழும்பு! வீட்டில் பேனா மையும் பற்பசையும் தடவினார்களாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைப் பிடித்திருந்தால் தழும்பே குறைந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. தங்கம் உருகுவதற்கே 1064 டிகிரி போதும். இதைத்தான் நாம் ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்து "பயப்படாதே கண்ணு" என்கிறோம்!

அடுத்து லட்சுமி வெடிக்குச் சண்டை, பிறகு ராக்கெட்டுக்கு. கடைசியில் இதுவரை பேசாமல் இருந்த தோழி ஒருத்தி, "யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லுங்கள், பிறகு பிரிக்கலாம்" என்றாள். அவள் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தினள். விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளுடைய அத்தை பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து செலுத்தும் வேலை செய்கிறார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் கொஞ்சம் ரசாயனம். அடுப்பில் விறகு எரியும்போது அதற்கு வேண்டிய பிராணவாயு காற்றிலிருந்து கிடைக்கிறது. ஆகவே விறகு நிதானமாக எரிகிறது. பட்டாசு மருந்து அப்படியன்று. எரியும் பொருளும், அதற்குப் பிராணவாயுவைத் தரும் உப்பும் அதனுள்ளேயே கலந்திருக்கின்றன. பழைய கரிமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இக்கால வெடிகளில் கரிக்குப் பதில் அலுமினியப் பொடி சேர்கிறது. காற்றுக்காக இந்தக் கலவை காத்திருப்பதில்லை. எனவேதான் இவ்வளவு வேகம். இதே மருந்து திறந்த வெளியில் கொஞ்சமாக இருந்தால் 'புஸ்' என்று எரிந்துபோகும். காகிதக் குழாயில் இறுக அடைத்தால் வெடிக்கும். குவியலாகக் கிடந்தால், அடைக்காமலேயே வெடிக்கக்கூடும். ஆக, ஆபத்து மருந்தில் மட்டும் இல்லை; எவ்வளவு மருந்து, எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பவற்றில் இருக்கிறது. பட்டாசுகளைப் பற்றிய சட்டங்களும் வகைப்பாடுகளும் இந்த உண்மையின்மேல்தான் நிற்கின்றன.

இந்தியாவில் வெடிபொருள்களுக்கான மூலச் சட்டம் வெள்ளையர் காலத்தில் 1884-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் புதிது புதிதாக வகுக்கப்பட்டன. இவற்றை நடைமுறைப்படுத்த 1898-இல் தோன்றிய வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் நாகபுரியில் இருக்கிறது. பட்டாசு ஆராய்ச்சிக்கென்றே அத்துறையின் நிலையம் ஒன்று சிவகாசியில் உண்டு. விதிகள் வெடிபொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கின்றன. கரிமருந்து முதல் வகுப்பு, துப்பாக்கித் தோட்டா முதலியவை ஆறாம் வகுப்பு. பட்டாசு ஏழாம் வகுப்பு. (எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கும் இந்தப் பெயர் பொருந்தும் என்று ஒருத்தி சொன்னாள்; அத்தங்கைகள் மன்னிக்க!)

இந்த ஏழாம் வகுப்புக்குள் இரண்டு பிரிவுகள். முதற்பிரிவு, பட்டாசு மருந்துக் கலவை. இரண்டாம் பிரிவு, செய்து முடித்த பட்டாசு. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதானே, எதற்குத் தனித்தனிப் பிரிவு என்று நாங்கள் கேட்டோம். சிஸ்டர் எங்கள் தோழியைப் பார்த்து, "நீ சொல்" என்றார்கள்.

அவள் தன் அத்தை வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொன்னாள். அது ஒரே பெரிய கட்டிடமாக இருக்காதாம். பொட்டல் காட்டில் தீப்பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாற்போலச் சிறுசிறு அறைகள். மருந்து கலக்கும் அறையில் இரண்டு பேர், மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேர், அதற்குமேல் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் ஒரு செம்புத் தகடு. உள்ளே நுழைபவர் அதைத் தொட்டுவிட்டே போகவேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்பொறி போதும் அந்தப் பொடிக்கு! தீபாவளியன்று பருத்தி உடுத்துங்கள் என்று நமக்கும் சொல்கிறார்கள் அல்லவா? நமக்கு அது தீப்பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக. அத்தைக்கு அது தீயே பிறக்கக்கூடாது என்பதற்காக.

கலவை வேலை விடியற்காலையிலேயே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடுமாம். வேலை முடிந்து வரும்போது அத்தையின் கையும் முகமும் தலைமுடியும் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் அலுமினியப் பொடி போகும். மழைக்காலத்தில் இன்னொரு பயம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது குளிர்வதில்லை. உள்ளுக்குள் வினை நடந்து தானாகவே சூடேறும். தண்ணீர் பட்டால் தீ அணையும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம்!

"எங்க ஊர்ல சத்தம் கேட்டா, எந்தப் பக்கம்னுதான் முதல்ல பாப்போம். அப்புறம்தான் அழுறதா வேண்டாமான்னு தெரியும்" என்றாள் தோழி. அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நாங்கள்தான் சிறிது நேரம் பேசவில்லை.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். அவர்களில் தொழிலாளர்கள் மட்டும் இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார் பலரும் இருந்தனர். ஓர் அறை தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே விதிகள் இடைவெளி கேட்கின்றன. மருந்தும் ஆட்களும் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்ட இடத்தில் அந்த இடைவெளிக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது.

ஆகவே மருந்து கலவையாக இருக்கும் வரை அது மிகுந்த கோபக்காரன். சிறிய உராய்வோ ஒரு பொறியோ போதும், மொத்தமும் ஒரே கணத்தில் போய்விடும். அதையே சிறு சிறு அளவாகப் பிரித்துத் தனித்தனிக் காகிதக் குழாய்களில் அடைத்தபின் கோபம் பங்கிடப்பட்டுவிடுகிறது. சட்டம் இரண்டு பிரிவு வைத்ததன் காரணம் இதுவே. இதை அறிந்தபின் எங்களுக்கு ஒரு பழக்கம் புதிதாகப் பயமுறுத்தியது. வெடிக்காமல் 'புஸ்'ஸாகிப் போன வெடிகளை மறுநாள் காலையில் பொறுக்கி, உரித்து, மருந்தையெல்லாம் ஒரு காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் தம்பிமார் இல்லாத தெரு உண்டா? இரண்டாம் பிரிவில் இருந்ததை அவர்கள் தம் கையாலேயே முதற்பிரிவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். ரப்பர் விரிப்பும் செம்புத் தகடும் வைத்துச் செய்கிற வேலையை வீட்டுத் திண்ணையில் செய்கிறார்கள். தாய்மார்கள் இந்த இடத்தை மட்டுமாவது இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

கலவையின் சேர்மானத்திலும் சட்டம் தலையிடுகிறது. பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைக் கந்தகத்தோடு சேர்த்தால் பலத்த சத்தம் வரும், விலையும் மலிவு. ஆனால் லேசாக உரசினாலே வெடித்துவிடும். கந்தகத்தில் ஒட்டியிருக்கும் சிறிதளவு அமிலமே அதைக் கிளப்பிவிடப் போதும். பிரிட்டனில் 1894-இலேயே இந்தக் கூட்டைத் தடை செய்துவிட்டார்கள். இந்தியாவில் இதற்கான தடை 1992 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இடையில் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்! இப்படித் தாமதமானதற்கு எத்தனை காரணங்கள் சொன்னாலும் எங்கள் மனம் ஒப்பவில்லை.

நம் வயதினரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று முக்கியமான தீர்ப்பை வழங்கியது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் வெடிபொருள் வேலையில் அமர்த்தக்கூடாது. எங்கள் தோழியின் அத்தை ஒன்பது வயதில் தீப்பெட்டி அடுக்கத் தொடங்கியவர். தோழி பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் படிக்கிறாள்.

இனி, பட்டாசு தொழிற்சாலையை விட்டு லாரியில் ஏறுகிறது. இங்கே கேள்வி மாறுகிறது. ஒரு வெடி எப்படி வெடிக்கும் என்பதன்று. அட்டைப்பெட்டிகள் அடுக்கிய முழு லாரியோ கிடங்கோ தீப்பற்றினால் என்ன ஆகும் என்பதே கேள்வி. இதற்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு வகுத்திருக்கிறது. கடைக்காரர் ஒருவர் இனாமாகக் கொடுத்த பெரிய அட்டைப்பெட்டியில் அந்த அடையாளத்தைக் கண்டோம்: மூலையில் நிற்கும் ஆரஞ்சு நிறச் சதுரம், அதில் '1.4ஜி' என்ற எழுத்துகள்.

முதலில் உள்ள 1 என்பது வெடிபொருள் என்று சொல்கிறது. புள்ளிக்குப் பின் வரும் எண்தான் முக்கியம். 1.1 என்றால் மொத்தச் சரக்கும் ஒரே நேரத்தில் வெடித்துவிடும். 1.2 என்றால் துண்டுகள் பறந்துவந்து தாக்கும். 1.3 என்றால் கடுந்தீயும் வெப்பமும். 1.4 என்றால் தீப்பற்றினாலும் பாதிப்பு பெரும்பாலும் பெட்டியின் அருகிலேயே நின்றுவிடும். இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அவை நம் பட்டாசுக்குத் தேவையில்லை. 'ஜி' என்ற எழுத்து வாணவேடிக்கை வகை மருந்தைக் குறிக்கும். இந்த எண்ணை ஊகத்தால் எழுதுவதில்லை. ஒரு பெட்டிக்குள் தீ மூட்டிப் பார்க்கிறார்கள். பிறகு பெட்டிகளை அடுக்கி ஒன்றில் தீ மூட்டிப் பார்க்கிறார்கள். கடைசியாக ஓர் அடுக்கையே பெருந்தீயின் நடுவே வைத்துப் பார்க்கிறார்கள். நம் வீடுகளுக்கு வருகிற சாதாரணப் பட்டாசு 1.4 வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விண்ணில் சென்று விரியும் பெரிய குண்டுகள் 1.3, சிலவேளை 1.1 கூட.

ஒரு எண் தவறாக எழுதப்பட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். நெதர்லாந்து நாட்டில் என்ஸ்கெடே என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ரோம்பேக் என்ற குடியிருப்பின் நடுவே ஒரு பட்டாசுக் கிடங்கு இருந்தது. சுற்றிலும் வீடுகள். அங்கு இருப்பவை பெரும்பாலும் 1.4 வகைச் சரக்கு என்றே அதிகாரிகளின் ஏடுகளில் பதிவாகியிருந்தது. எனவே வீடுகளுக்கு அருகில் கிடங்கு இருப்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2000-ஆம் ஆண்டு மே 13, சனிக்கிழமை பிற்பகல். கிடங்கில் தீப்பற்றியது. வாணங்கள் சீறிப் பாய்வதைக் காண மக்கள் தெருவில் கூடினார்கள். தீயணைப்புப் படையினர் வந்தனர். ஏட்டில் இருந்தபடி 1.4 ஆகவே இருந்திருந்தால் அது பெரிய தீ, அவ்வளவே. ஆனால் அடுத்தடுத்து வெடித்து, கடைசியில் கிடங்கு முழுவதும் ஒரே இடியாக வெடித்தது. 23 பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். ஏறத்தாழ 950 பேர் காயமடைந்தனர். சுமார் 400 வீடுகள் தரைமட்டமாயின. விசாரணையில், இருந்த சரக்கில் பெரும்பங்கு ஒட்டியிருந்த எண்ணைவிடக் கடுமையான வகை என்று தெரியவந்தது. அதன்பின் ஐ.நா. நிபுணர் குழு, பட்டாசின் இனத்தையும் அளவையும் மருந்தின் எடையையும் கொண்டு, இன்னதற்கு இந்த எண் என்று பொதுவான அட்டவணையே தயாரித்தது. தயாரிப்பவர் சொல்வதை அப்படியே நம்பும் காலம் அதோடு முடிந்தது.

இந்த வகைப்பாட்டையெல்லாம் கடந்து பட்டாசு நம் ஊர்க் கடைக்கு வருகிறது. தற்காலிகக் கடைகளுக்கான விதிகள் மிகத் தெளிவானவை. எளிதில் தீப்பற்றாத பொருளால் கடை அமைக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர். குடியிருப்பு முதலிய இடங்களிலிருந்து 50 மீட்டர். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக்கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடாது. மின்விளக்கைக் கம்பியில் தொங்கவிடவும் கூடாது. ஓரிடத்தில் ஐம்பது கடைகளுக்கு மேல் கூடாது.

எங்களில் இருவர் விளையாட்டு ஆசிரியையிடம் அளவுநாடா வாங்கிக்கொண்டு போனார்கள். "என்ன பாப்பா, தையக்கடைக்கு அளவு எடுக்கிறீங்களா?" என்று சிரித்தார் ஒரு கடைக்காரர். மூன்று மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே தகரச் சுவர்தான் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் இன்னொரு கடை. விதியைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "கயிறு கட்டி இடம் பிரிச்சுக் கொடுத்தாங்கம்மா, நாங்க என்ன பண்றது?" என்றார். அவரைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. ஆனால் கடைக்குப் பின்னால் அவருடைய சிறு மகன் சரக்குப் பெட்டிகளின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

விடுதி மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் போகும்போது தம்பி தங்கைக்கென்று பெட்டிக்குள் பட்டாசை ஒளித்து ரயிலில் எடுத்துச் செல்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். ஒளித்து வைத்தவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

கடைசியாக, நம் கைக்கு வந்த பட்டாசு. இங்கே சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1999 அக்டோபரில் வந்த அறிவிப்பின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. சரவெடிக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். மடக்கை படித்தவர்களுக்கு இது இனிக்கும். சரத்தில் உள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, அதை ஐந்தால் பெருக்கி, வரும் தொகையை 125-லிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடிச் சரம் என்றால் மடக்கை 2. பத்து டெசிபல் குறையும். ஆகவே அதிலுள்ள ஒவ்வொரு வெடியும் 115-ஐத் தாண்டக்கூடாது. ஆயிரம் வாலாவில் 110. மடக்கை எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் தெருவில் யார் நின்று அளப்பது? உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ஆம் நாள் தந்த தீர்ப்பில் இதைத்தான் யோசித்தது. வெடித்தபின் சத்தத்தை அளப்பதைவிட, உள்ளே என்ன மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுப்பது நம் நாட்டுக்கு ஏற்றது என்று கூறி, பட்டாசுகளைச் சத்தம் தருபவை, ஒளியும் நிறமும் தருபவை என்று இரு வகையாக்கச் சொன்னது. பெட்டியின்மேல் உள்ளிருக்கும் ரசாயனங்களைக் குறிப்பிட வேண்டும் என்றதும் அத்தீர்ப்பே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்த வெடிக்குத் தடை. எங்கள் மேசையில் இருந்த பெட்டிகளைப் புரட்டினோம். ரசாயனப் பெயர்கள் இருக்கத்தான் செய்தன. பல பெட்டிகளில் எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை.

2018 அக்டோபர் 23 அன்று அதே நீதிமன்றம் காற்றையும் கணக்கில் எடுத்தது. சரவெடிக்குத் தடை. பேரியம் உப்புகளுக்குத் தடை. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கே அனுமதி. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு பிரித்து வைத்தது. கிறிஸ்துமஸ் இரவுக்கும் அத்தீர்ப்பில் இடம் உண்டு: இரவு 11.55 முதல் 12.30 வரை. நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் பாடும்போது கோயில் வாசலில் வெடிக்கும் இளைஞர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பேரியம் தடை எங்கள் தோழியின் ஊரை நேரே தொட்டது. பேரியம் நைட்ரேட்தான் பச்சை நிறம் தருவது. நிறத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் எரியப் பிராணவாயு தந்ததும் அதுவே. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்றுக் கலவைகளைக் கண்டுபிடித்து 2019-இல் வெளியிட்டது. அவை புகைத்துகளைக் குறைந்தது 30 விழுக்காடு குறைக்கும். இப்போது பெட்டியின்மேல் பச்சை முத்திரையும் கட்டம் கட்டமான குறியீடும் இருப்பது அதற்காகவே. என்றாலும் எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. புகை குறைந்தது என்பதால் சூடு குறைந்தது என்று ஆகாது. பசுமை மத்தாப்பும் சுடத்தான் செய்யும். பசுமை மருந்தையும் யாரோ ஓர் அத்தை கலக்கத்தான் வேண்டும். அத்தைக்கு அந்த ஆண்டு சில மாதம் வேலையே இல்லாமல் போனது. வேலை இல்லாத மாதத்தில்தான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம் என்று தோழி சொன்னாள். கடையில் கடன் ஏறியது என்பதையும் அவளே சொன்னாள்.

ஐரோப்பிய நாடுகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஆபத்தின் அளவைக் கொண்டு பட்டாசை நான்கு தரமாகப் பிரித்து, வாங்குபவரின் வயதையும் அதற்கேற்ப வரையறுத்திருக்கிறார்கள். முதல் தரம் மிகச் சிறியவை. பன்னிரண்டு வயதுக்குமேல் வாங்கலாம். இரண்டாம் தரம் பதினாறு, மூன்றாம் தரம் பதினெட்டு. நான்காம் தரம் பயிற்சி பெற்ற வல்லுநர்களுக்கு மட்டும்; கடையில் கிடைக்காது. சில நாடுகள் இதைவிடவும் கூட்டி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தரத்துக்கும் எத்தனை மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதும் உண்டு. முதல் தரத்துக்கு ஒரு மீட்டர், இரண்டாவதற்கு எட்டு. நம் பெட்டிகளில் 'பெரியவர் மேற்பார்வையில் கொளுத்தவும்' என்ற ஒரே வாக்கியம் பொட்டு வெடிக்கும் அணுகுண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்படி ஓர் எண்ணும் ஒரு நிறமும் போட்டால் எவ்வளவு செலவாகிவிடும்?

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் மறுபடியும் பெட்டிகளைப் பிரித்தோம். இந்த முறை இரண்டு குவியல் போதவில்லை. செய்பவருக்கு, அருகே குடியிருப்பவருக்கு, கொளுத்துபவருக்கு என்று மூன்று தாள்கள் ஒட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று மதிப்பெண் போட்டோம். வானத்தில் விரியும் வண்ணவெடி மூன்றிலும் மோசமாக நின்றது. அதற்குள் போகும் மணி மருந்தைச் செய்வதுதான் ஊரில் எல்லோருக்கும் பயமான வேலை என்று தோழி சொன்னாள். பாம்பு மாத்திரை தப்பித்தது. அதன் புகையை மட்டும் ஒருவரும் மன்னிக்கவில்லை.

ஒரே ஒரு பெட்டிதான் மீந்துவிட்டது. தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ரசாயனம் இல்லை, ஆண்டு இல்லை. ஒரு கிளியின் படம் மட்டும் இருந்தது. சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தது என்றாள் கொண்டுவந்தவள். எந்தத் தாளின்கீழ் வைப்பது என்று கேட்டோம். சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியின் மேல்தட்டில் தனியே வைத்தார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.